அப்பளப் பிடி

இரவு ஷிப்ட். பாசிர் பாஞ்சாங்.
ஏழாவது திரையில் ஒரு நீலப் பெட்டி,
இருபத்தொன்பது டன் என்கிறது ஓரத்து எண்.
அடுக்கின் உச்சியிலிருந்து லாரி முதுகுக்கு
அதை இறக்குவது என் கட்டைவிரல்தான்.

இடைவேளையில் அதே விரலால்
தே ஓ கொசோங் பையின்
சுருக்குக் கயிற்றை இழுக்க முடியவில்லை.
ரோஸ்லி வாங்கி அவிழ்த்துத் தந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவனுக்கு முதுகு.

எப்போது தொடங்கியது என்றால்
தேதி கிடையாது.
முதலில் சாவி திருப்புகையில் ஒரு சுருக்.
பிறகு ஈரத்துணி பிழிகையில்.
பிறகு வீவக லிஃப்டில்
பதினொன்றாம் மாடிப் பொத்தானை
முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன்,
கொவிட் காலத்துப் பழக்கம் என்று
சொல்லிக்கொண்டு.
மணிக்கட்டின் ஓரம் நெல்லிக்காயாய்ப் புடைத்தபோது
அந்தப் பொய்யும் தீர்ந்தது.

இளஞ்செழியன் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார்.
வீடு முழுக்க மணந்தது.
வலிக்கு மட்டும் மூக்கில்லை.

கிளமெண்டி பலதுறை மருந்தகம்.
கை சிகிச்சையாளர் ஹுய் மின்
கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொன்னாள்,
மூடிய முஷ்டியை
சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னாள்.
சாய்த்தேன்.
'அம்மா!'
மருந்து வரிசையில் ஒரு பெண்
தன்னைத்தான் அழைத்தேனோ என்று திரும்பினாள்.

அப்புறம் ஒரு தண்ணீர்ப் புட்டியை நீட்டி,
'இதுதான் உங்கள் ஜாய்ஸ்டிக்.
வேலையில் பிடிப்பதுபோல் பிடியுங்கள்' என்றாள்.
பிடித்தேன்.
புட்டி நசுங்கி மூடி தெறித்தது.
மேசை நனைந்தது, அவள் சட்டையும் கொஞ்சம்.

'இறுக்கினால் கிரேன் அதிகம் தூக்குமா?'

தூக்காது.

ஆனால் ஒன்பது வருடம் கப்பல் கிரேனில்
அந்தரத்தில் இருந்தவள் நான்,
காலுக்குக் கீழே கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே கடல்.
காற்றடித்தால் கூண்டு ஆடும்,
பெட்டி ஊசலாடினால் அடிவயிறும் ஊசலாடும்.
அப்போது பிடித்த பிடி இது.
இப்போது குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி.
காற்று, திரையில் ஓர் எண்ணாக மட்டும் வீசுகிறது.
இடம் மாற்றிய உத்தரவு எனக்கு வந்தது.
கைக்கு நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள்.

அவள் எழுதித் தந்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.
மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கட்டும்.
நாற்காலியின் கைப்பிடி இரண்டு விரற்கடை தணியட்டும்.
அரைமணிக்கு ஒருமுறை
கையை மடியில் கிடத்தவும்.
விரல் மரத்தால், பிடி நழுவினால்
அடுத்த தேதிவரை காத்திருக்காமல் வரவும்.
கடைசியில், அடிக்கோடிட்டு:
ஓய்வு நேரத்தில் கட்டைவிரலால்
கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம்.
அதை யார் அவளிடம் சொன்னார்கள்?

தூங்கும்போது பட்டை.
நள்ளிரவில் அது பிரியும் சத்தத்தில்
இளஞ்செழியன் எழுந்து 'யாரது' என்றார்.
தோசைமாவு இப்போது அவர் கலக்குகிறார்,
உப்பு மட்டும் என் இடது கை.
இரண்டு வாரமாக உப்பு கூடத்தான்.
சாப்பிடுகிறோம்.

ஆறு வாரமாயிற்று.
வலி எழுந்து போகவில்லை,
எம்ஆர்டியில் இடம் விடுபவரைப் போல
சற்றே நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்று வெளியே மழை என்கிறது திரை.
ஜாய்ஸ்டிக்கைப்
பொரித்த அப்பளம்போல் பிடிக்கிறேன்.
நொறுக்கக் கூடாது, நழுவவும் கூடாது.
முப்பது டன் எழுகிறது, நகர்கிறது,
லாரியில் அமர்கிறது.
இத்தனை வருடம் நான் பல்லைக் கடித்தது
அதற்குத் தேவையே படவில்லை என்பதில்
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

'காக், அரைமணி' என்கிறான் ரோஸ்லி.
கையை எடுத்து மடியில் வைக்கிறேன்.
என்ன செய்வதென்று தெரியாமல்
அது அங்கே கிடக்கிறது.